மீன்பெட்டிக்குள் ஐந்து நாட்கள்: ஒரு நன்றி மடல்

அன்பான உறவுகளுக்கு,

தேவாலயக் குழு ஆங்கிலத்தில் எழுதிய நன்றிக் கடிதத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முறையான கடிதம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் மீன்கடைக்கு ஒரேயொரு வரி கொடுத்திருந்தார்கள். எனக்கு அது காணாது. அதனால்தான் தமிழில் இதை எழுதுகிறேன்.

அந்த வியாழன் இரவு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் குழாய் வெடித்து, அங்கே இருந்த பழைய பதிவேடுகள் எல்லாம் நனைந்ததும், குழாய் ஏன் வெடித்தது, யாருடைய பிழை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரு கிழமையாக அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறோம். அதை விடுவோம்.

வெள்ளி காலை ஆறரை மணிக்கு நான் அந்தக் கடைக்குப் போனது குளிர்ப்பெட்டி கேட்க அல்ல. பாண் கொண்டுவரும் பிளாஸ்ரிக் கூடைகள் ஏழெட்டு கிடைக்குமா என்று கேட்கத்தான். முதல்நாள் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அகப்பட்ட ஆவணக் காப்பாளர் ஒருவர் சொல்லித் தந்தது இதுதான்: நனைந்த புத்தகத்தைத் திறக்கக் கூடாது, பக்கங்களைப் பிரிக்கக் கூடாது, முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி கூடையில் அடுக்க வேண்டும், புத்தகத்துக்குப் புத்தகம் மெழுகுத்தாள் வைக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் உறைய வைத்துவிட வேண்டும். பிந்தினால் பூஞ்சணம் பிடித்துவிடும். எங்கள் தேவாலயச் சமையலறையில் இருப்பதோ ஐஸ்கிறீம் டப்பா ஒன்று வைக்க மட்டும் இடமுள்ள பழைய பிரிஜ்.

கடைக்கார அண்ணை அறக்குளா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, விடியவே?"

"கூடை இருக்கோ அண்ணை? ஒரு எட்டு. சேர்ச்சில பழைய பதிவேடுகள் எல்லாம் நனைஞ்சு போச்சு."

"நனைஞ்சதைக் கூடையில வைச்சு என்ன செய்யப் போறியள்?"

"உறைய வைக்க வேணுமாம். எங்கே எண்டுதான் இன்னும் தெரியேல்லை."

கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய குளிர்ப்பெட்டியின் மூடியைத் தூக்கினார். சனிக்கிழமை வியாபாரத்துக்கு வந்த சரக்கு விளிம்புவரை கிடந்தது. விளைமீன், பாரை, கணவாய், சூடை. "இது காணுமோ?" என்று கேட்டார்.

மீனை என்ன செய்வீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. பாதியைத் தெரிந்த நாலு வீட்டுக் குளிர்ப்பெட்டிகளுக்கு அனுப்பினார், மீதியை அன்றைக்கே வந்த விலைக்கு விற்றார். வெளியே பனிதானே, புத்தகங்களை அங்கேயே வைத்திருக்கலாமே என்று சிலர் பிறகு கேட்டார்கள். நானும் அதைக் காப்பாளரிடம் கேட்டேன். ஞாயிறு வெயில் எறிக்கும் என்று வானிலை சொன்னது. உருகி, திரும்ப உறைந்தால் முதலாவது நனைவை விட அது மோசமாம்.

பெட்டியைக் கழுவித் துடைத்து, உறையிட்டுக் கட்டிய 14 பதிவேடுகளையும் உள்ளே இறக்கியபோது மணி பத்தரை. அண்ணை ஒரு மட்டையைக் கிழித்து, மீன் விலை எழுதும் கறுப்புப் பேனையால் எழுதி மூடியில் ஒட்டினார்: "மீன் இல்லை. புத்தகம். திறக்க வேண்டாம்."

போகும்போது நன்றி சொன்னேன். "எங்கட நூல்நிலையம் எரியேக்க எனக்குப் பன்னிரண்டு வயது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் 1981இல் நடந்ததை அறிந்தவர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

சரி, அந்தப் பெட்டிக்குள் என்ன கிடந்தது என்று அண்ணையும் கேட்கவில்லை, நானும் அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்லுகிறேன்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் அங்கிருந்து தப்பி வந்த வழிகளை நிலத்தடி ரயில்பாதை என்பார்கள். அதில் தண்டவாளமும் இல்லை, நிலத்தடியும் இல்லை. நம்பிக்கையான ஆள், அவர் காட்டிவிடும் அடுத்த ஆள், இரவு நடை, பகலில் வைக்கோற்போர். 1850இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தின்படி, அடிமைமுறை இல்லாத வட மாநிலத்தில் பிடிபட்டாலும் திருப்பி அனுப்பலாம். உதவியவருக்கு 1000 டொலர் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை. அதனால்தான் எல்லை நதிக்கு இந்தப் பக்கம், கனடாவுக்கு, வந்து சேரும் வரை பலருக்கு நிம்மதி இல்லை. டிட்ராய்டுக்கும் வின்சருக்கும் நடுவே அந்த நதி ஒரு கிலோமீற்றர் அகலம்கூட இல்லை.

அந்தப் பக்கத்தில் எழுத்து ஆபத்து. பிடிபட்ட காகிதம் பத்துப் பேரைக் காட்டிக்கொடுக்கும். பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்டில் என்பவர் வந்து போனவர்களின் விவரங்களைத் துணிந்து எழுதிவைத்தார். வந்த ஒருவரை விசாரித்துக்கொண்டு போனபோது, அவர் தான் கண்டிராத சொந்த அண்ணன் என்று தெரியவந்த மனிதர் அவர். அவரும் அந்தக் குறிப்புகளை ஒரு மயானக் கட்டடத்தில் ஒளித்துவைத்து, உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிந்த பிறகு 1872இல்தான் வெளியிட முடிந்தது. அரசாங்கம் எழுதியதோ வேறு மாதிரி. 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்புத் தாள்களைப் பாருங்கள். உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம். பெயர் இருக்காது.

எழுத்து தொடங்குவது இந்தப் பக்கத்தில்தான். தேவாலயம் கட்டினார்கள், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், கலியாணம் பதிந்தார்கள். எங்கள் பதிவேடுகளில் ஒன்றில் ஒரு பெண்ணின் பெயர், பிறந்த இடம் கென்டக்கி, கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. பேனையை அமுக்கிப் போட்டதில் தாள் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. பல குடும்பங்களுக்குத் தங்கள் ஆட்களின் பெயர் முதன்முதலாக அகப்படுவது இப்படியான ஏடுகளில்தான். பலர் எல்லை தாண்டியதும் பெயரையே மாற்றிக்கொண்டதால், இந்த ஏடு போனால் பின்னால் போகும் வழியும் போய்விடும்.

(பார்க்க வருபவர்கள் எங்களிடம் அதிகம் கேட்பது இரகசியக் குறியீடு தைத்த போர்வைகளைப் பற்றியும் சுரங்கப் பாதைகளைப் பற்றியும்தான். போர்வைக் கதைக்கு அந்தக் காலத்துச் சான்று கிடையாது என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். காகிதம் இல்லாத இடத்தில் கதை வந்து குந்திக்கொள்ளும்.)

நதிக்கு இரண்டு பக்கமும் 2001இல் வெண்கல நினைவுச்சின்னங்கள் வைத்தார்கள். டிட்ராய்டில் நிற்பவர்கள் கனடாவைப் பார்க்கிறார்கள், வின்சரில் நிற்பவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டாயம் காட்டுங்கள், நல்ல வேலைப்பாடு. ஆனால் வெண்கலம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். காகிதத்துக்கு ஆள் வேண்டும், குளிர்ப்பெட்டி வேண்டும்.

மற்றவர்களுக்கும் நன்றி. முழங்கால் தண்ணீரில் நின்று அலுமாரி தூக்கிய இளைஞர்கள், மெழுகுத்தாள் தேடி மூன்று கடை ஏறி இறங்கிய மாணவிகள், கொத்துரொட்டியும் தேத்தண்ணியும் அனுப்பிய வீடுகள், கூலி வாங்காமல் குளிரூட்டிய வாகனத்தை ஆய்வுகூடம் வரை ஓட்டிக்கொண்டு போன பஞ்சாபிச் சகோதரர். உறைய வைக்கக் கூடாத, தகரத் தகட்டில் பதிந்த பழைய புகைப்படங்கள் இரண்டையும் தன் சாப்பாட்டு மேசையில் விரித்து, பூனையை மூன்று நாள் மேல்மாடியில் பூட்டிவைத்த அக்காவுக்குத் தனி நன்றி. முடி உலர்த்தும் மெஷினோடு ஓடிவந்தவருக்கும் நன்றி. வேண்டாம் என்று கத்தியதற்கு மன்னியுங்கள்.

இப்போது ஏடுகள் ஆய்வுகூடத்தில் இருக்கின்றன. வெற்றிடத்தில் வைத்துப் பனியை நேராக ஆவியாக்குவார்கள். இடையில் தண்ணீராக மாறாததால் மை திரும்ப ஊறாது. எல்லாம் பிழைக்குமா என்று இன்னும் சொல்லவில்லை. பெரும்பாலானவை பிழைக்கும் என்றார்கள்.

ஓகஸ்ட் 1 வருகிறது. 1834இல் பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள், தப்பி வந்தவர்களின் சந்ததியினர் இங்கே கொண்டாடும் நாள். அதற்குள் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து முடிப்பேன். எந்த ஏடும் இனி நிலக்கீழ் அறைக்குப் போகாது. இதை எழுத்தில் கொடுக்கிறேன், பிறகு நீங்களே என்னைக் கேளுங்கள்.

ஏடுகளை வாகனத்தில் ஏற்றிய அன்று, எங்கள் தேவாலயத்தின் மூத்த அம்மா மீன்கடைக்கு வந்தார். அந்தப் பெருக்கல் குறி போட்ட பெண்ணின் ஐந்தாம் தலைமுறை. மூடியில் இருந்த மட்டையைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு, அதை மெதுவாக உரித்தெடுத்துத் தரும்படி அண்ணையிடம் கேட்டார். ஓரத்தில் ஒரு செதிலும் ஒட்டியிருந்தது. துடைக்கப் போன அண்ணையின் கையைத் தடுத்து, ஒரு தெளிவான உறையில் போட்டு, அன்றைய திகதியை எழுதிக் கொண்டுபோய்விட்டார். பதினைந்தாவது ஆவணமாம்.

கூடைகளை வருகிற சனிக்கிழமை கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வான் வைத்திருப்பவர்கள் ஒரு சொல் சொல்லுங்கள். அப்படியே அண்ணையிடம் மீனும் வாங்கிக்கொண்டு வரலாம், போன கிழமை வியாபாரம் அவருக்குப் படுநட்டம்.