வெட்டினால் போகாது உண்ணிச்செடி

ஆசிரியருக்கு,

முதுமலையில் அந்நியச் செடிகளை அகற்றும் பணி பற்றிய செய்தியில், எத்தனை ஏக்கர் வெட்டியாயிற்று என்ற கணக்குதான் இருந்தது. அதே இடத்தை அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் பார்த்து எடுக்கும் கணக்குதான் கணக்கு.

அந்நியச் செடிகளில் ஒன்றான உண்ணிச்செடியை (லண்டானா) அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டை பல தளிர் விட்டு, முன்பைவிட அடர்ந்துவிடும். ஜேசிபி இறக்கினால் இன்னும் மோசம்: மண் புரண்டு, அடியில் கிடந்த விதையெல்லாம் வெளிச்சம் கண்டு முளைக்கும். பேராசிரியர் சி.ஆர்.பாபு குழுவினர் உத்தராகண்டின் கார்பெட் காட்டில் செய்துகாட்டிய முறைக்குப் பெரிய கருவி வேண்டாம். மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரை வெட்ட வேண்டும். தளிர்விடும் கழுத்து அதற்கு மேலேதான் இருக்கிறது. பிறகு புதரைத் தூக்கி, வேர் வானம் பார்க்கக் கவிழ்த்துப் போட வேண்டும். கழுத்து ஈரமண்ணில் பட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். காய் கறுப்பதற்கு முன்பே வெட்டிவிடுவது நல்லது.

பழம் தின்ற சின்னான் குருவிகள் வந்து உட்காரும் மரத்தடியில்தான் நாற்று பாய் விரித்தாற்போல் முளைக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் முதலில் அங்கே போய்க் கையால் பிடுங்க வேண்டும். ஓராண்டோடு விட்டால் செலவழித்ததெல்லாம் வீண்.

இன்னொரு அந்நிய மரமான மஞ்சள் கொன்றைக்கு வைத்தியம் வேறு. (நம் சரக்கொன்றையை இதுவென்று நினைத்துத் தொட்டுவிடக் கூடாது. அதன் பூங்கொத்து கீழே தொங்கும். இதன் கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும்.) மஞ்சள் கொன்றையை அடியோடு வெட்டினால் கட்டையைச் சுற்றிக் கிளை வெடிக்கும். நின்ற மரத்திலேயே நெஞ்சுயரத்திலிருந்து தரைவரை பட்டையைச் சுற்றிலும் உரித்து, உள்ளே வழுவழுப்பான படலத்தையும் சுரண்ட வேண்டும். விரலகலப் பட்டை மிச்சமிருந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். சரியாக உரித்தாலும் உடனே காயாது. அதுவரை உரித்த இடத்துக்குக் கீழே வரும் துளிரை அவ்வப்போது கிள்ள வேண்டும்.

வெறுமையான நிலத்தில் அந்தக் காட்டுப் புல்லே முதலில் வரவேண்டும். மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் அதுதான். மரக்கன்றும் இடத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும்: வறண்ட மசினகுடிப் பக்கம் வெக்காலி, நெல்லி, ஈரமான பென்னை ஊர்ப் பக்கம் வேங்கை, மருது. ஒரே மூச்சில் மலைச்சரிவு முழுவதையும் மொட்டையடிக்காமல் திட்டுத் திட்டாகச் செய்தால் மண்ணும் நிற்கும், விலங்குகளுக்கு மறைவும் இருக்கும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: தொகையில் பாதி, இரண்டாவது மழைக்குப் பிறகு நாற்றை எண்ணிப் பார்த்த பின்புதான் தரப்படும் என்று.

— வாசகர், கூடலூர்