என்ன ஆகும் என்று சொல்லித் தந்தவர்களுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையிலும் இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் மதுரையிலும் இருக்கிற என் அன்புக்குரியவர்களுக்கு,

எடை குறைப்பு ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஓடிவிட்டன. நேரில் நன்றி சொல்ல வந்தால் பாதிப் பேர் "அட விடும்மா, இதுல என்ன இருக்கு" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். ஊரறிய எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஆபரேஷனைப் பற்றி யோசித்துக்கொண்டு, வெளியே சொல்லக் கூச்சப்படுகிற பெண்கள் நம் கடற்கரை ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நீங்கள் செய்தது தெரிய வேண்டும்.

மதுரையில் ஆபரேஷன் செய்த மருத்துவருக்கும், மயக்க மருந்து நிபுணருக்கும், இரவெல்லாம் வந்து வந்து பார்த்த செவிலியர்களுக்கும் டிஸ்சார்ஜ் அன்றே நன்றி சொல்லிவிட்டேன். தியேட்டரில் அவர்கள் வேலை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. அதற்கு முந்திய மாதங்களைப் பற்றித்தான் இந்த மடல்.

இராமநாதபுரத்தில் எனக்குச் சர்க்கரை பார்க்கிற டாக்டரிலிருந்து தொடங்குகிறேன். அப்போது என் எடை 126 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற பி.எம்.ஐ. 52. மாத்திரை கூடிக்கொண்டே போனது, முட்டி வலியில் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை. போகிற இடமெல்லாம் "வாயைக் கட்டு" என்று கேட்டுப் பழகிய என்னிடம் அவர் வேறு மாதிரி பேசினார். "சாப்பாட்டைக் குறைச்சு எடை இறங்கினா, உடம்பு பசியைக் கூட்டும், செலவழிக்கிற சக்தியைக் குறைக்கும். இழந்ததைத் திரும்பப் பிடிக்கத்தான் அது பார்க்கும். நீங்க முயற்சி பண்ணலைன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரைப்பையை வரைந்து, மேல்பகுதியைப் பேனாவால் கோடு போட்டு அடித்தார். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் சுரக்கிறதாம். ஸ்லீவ் என்கிற ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, குழாய் போல ஒரு பகுதியை மட்டும் வைப்பார்கள் என்றார். "எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அவசரம் இல்லை, நல்லா யோசிச்சு வாங்க." அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன், டாக்டர்.

அப்புறம் பரமக்குடி அக்கா. மதுரை மருத்துவமனையின் உணவு ஆலோசகர்தான், அக்காவிடம் சம்மதம் கேட்டுவிட்டு எண்ணைக் கொடுத்தார். எனக்கு முன்பே அதே ஆபரேஷன் செய்துகொண்டவர். முகம் தெரியாத என்னோடு ராத்திரி ராத்திரியாகப் பேசினார். சுற்றி இருந்த எல்லாரும் "ஒண்ணும் ஆகாது, பயப்படாதே" என்றுதான் சொன்னார்கள். அன்பாகச் சொன்னதுதான், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் என் பயம் இன்னும் கூடும். அக்கா மட்டும்தான் என்னென்ன ஆகும் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

கண் விழித்ததும் வயிற்றைவிடத் தோள்பட்டை வலிக்கும், ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் செலுத்தின வாயுவால் வருவது அது, எழுந்து நடந்தால் குறையும் என்றார். அன்றைக்கே நடக்க வைப்பார்கள், மறுக்காதே, காலில் ரத்தம் கட்டாமல் இருக்க அதுதான் காவல் என்றார். தண்ணீரை முப்பது மில்லி மருந்து மூடியில் ஊற்றி உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்க வேண்டியிருக்கும். ஒரு வாய் கூடினாலும் நெஞ்சில் வந்து நிற்கும். மூன்றாவது, நாலாவது மாதத்தில் தலைமுடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும், அதற்குள் கண்ட எண்ணெயையெல்லாம் வாங்கிக் காசைக் கரைக்காதே என்றார். காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, கூடிக்கொண்டே போகிற வயிற்றுவலி, நிற்காத வாந்தி இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காதே, இரைப்பையில் தையல் போட்ட இடத்தில் கசிவாக இருக்கலாம், உடனே கூப்பிடு. பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும். நொறுக்குத்தீனியும் இனிப்புப் பானமும் திரும்ப வந்தால் எடையும் திரும்ப வரும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றையும் அக்காதான் சொன்னார். "ஒரு நாள் சாப்பாட்டை நினைச்சு அழுவ. செத்துப்போன ஆளுக்கு அழுவுற மாதிரியே அழுவ. அப்ப ‘ஏண்டா செஞ்சோம்’னு தோணும். அது போயிரும், எனக்கும் போச்சு." வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், பக்கத்து வீட்டில் கறி தாளிக்கிற வாசனைக்குக் குமுறிக் குமுறி அழுதேன். அழும்போதே அக்கா சொன்ன நாள் இதுதான் என்று தெரிந்தது, அதனால் பயம் வரவில்லை. முடி கொட்டத் தொடங்கியபோதும் அப்படித்தான். அக்கா, உங்களுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்?

நம் ஊர் ஆலிம்சா அவர்களுக்கும் சொல்ல வேண்டும். படைப்பில் கை வைக்கலாமா என்ற கேள்வி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நானும் உம்மாவும் போய்க் கேட்டபோது, அவர் முதலில் டாக்டர்கள் என்ன சொன்னார்கள் என்று முழுதும் கேட்டார். அழகுக்காகச் செய்வது வேறு, நோய்க்குச் சிகிச்சை வேறு, சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லி நபிமொழியே இருக்கிறது என்றார். ரத்தம் கட்டாமல் இருக்கப் போடுகிற ஊசிகளில் சில பன்றிக் குடலிலிருந்து எடுக்கிற மருந்து என்று கேள்விப்பட்டிருந்தேன். அதையும் கேட்டேன். "மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால் உயிரைக் காப்பதுதான் முதல்" என்றார். மதுரையில் கேட்டால், அவர்கள் முகம் சுளிக்காமல், செயற்கையாகத் தயாரிக்கிற ஊசியும் உண்டு, உங்கள் உடம்புக்கு எது சரி என்று பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். ஜெலட்டின் கேப்சூலுக்குப் பதில் மென்று தின்கிற மாத்திரை எழுதித் தந்தார்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடித்தாக வேண்டும் என்பதால் இந்த வருடம் நோன்பு வேண்டாம் என்றபோதும், உடல் தேறியபின் விட்ட நோன்பைப் பிடித்துக் கழா செய்யலாம் என்று ஆலிம்சா சொன்னதே மனதுக்குப் போதுமானதாக இருந்தது.

அரிசி மண்டி காக்கா, உங்களுக்கு நன்றி சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். வாராவாரம் எடை பார்த்து மதுரைக்கு அனுப்ப வேண்டும். மருந்துக்கடை மெஷினில் முள் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றுவிடும். மூட்டை நிறுக்கிற எடைமேடை உங்களிடம் இருக்கிறது, ஆனால் கடையில் எந்நேரமும் ஆட்கள். நான் கேட்கக்கூட இல்லை. "வெள்ளிக்கிழமை ஃபஜ்ருக்கு அப்புறம் வாம்மா, பையன்கள் யாரும் வந்திருக்க மாட்டாங்க" என்று லாத்தாவிடம் சொல்லிவிட்டீர்கள். ஷட்டரைப் பாதி தூக்கி, மேடையைத் துணியால் துடைத்து, பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு நீங்கள் தெருவுக்குப் போய் முதுகைக் காட்டி நிற்பீர்கள். எத்தனை கிலோ என்று இன்றுவரை கேட்டதில்லை. இப்போது நானே சொல்கிறேன்: 94.

உம்மாவைப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது. பெற்ற பிள்ளைக்கு ஊட்டி வளர்த்த கையிடம் போய், இனி நீ தருவதில் இரண்டு கரண்டிக்கு மேல் நான் சாப்பிட மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "என் கையால சாப்பிட்டதுதான் நோயா?" என்று கேட்டு இரண்டு நாள் பேசவில்லை. மதுரையில் மனநல ஆலோசகர் உம்மாவையும் உள்ளே கூப்பிட்டார். அதற்கு முன் என்னிடம் அவர், என்ன சாப்பிடுகிறேன் என்று எழுதச் சொல்லவில்லை, சாப்பிடுவதற்குச் சற்று முன் மனதில் என்ன இருந்தது என்று எழுதச் சொல்லியிருந்தார். துபாயிலிருந்து மாப்பிள்ளையின் போன் வராத ராத்திரிகள், பிள்ளைகள் தூங்கின பிறகான அடுக்களை, அதெல்லாம் அந்த நோட்டில் இருந்தது. உம்மா என் சம்மதம் கேட்டு, அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். பஸ்ஸில் திரும்பும்போது என் கையைப் பிடித்தபடியே வந்தார். அடுத்த நாளே பெட்டியில் இருந்த தொதல் இனிப்பை எடுத்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் உம்மா கற்றுக்கொண்டதைப் பார்க்க வேண்டுமே! ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்துப் பெரும்பாலும் புரதமாக ஒரு உணவு. இரைப்பையின் மேல் படுத்திருக்கிற ஈரல் கொழுப்பு குறைந்து சுருங்கினால்தான் மருத்துவருக்குக் கருவி போக வழி கிடைக்கும். முட்டை வெள்ளை, வடிகட்டின சூப், மோர், புரதப் பொடி என்று மணி பார்த்துத் தந்தார். அந்த நாட்களில் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் மாத்திரை அளவைக் குறைத்துத் தந்ததும் இராமநாதபுரம் டாக்டர்தான். இப்போது தேங்காய் இல்லாமல் விளமீனை ஆவியில் வேக வைத்து, முள் ஒன்றொன்றாகத் தடவி எடுத்து, சின்னத் தட்டில் வைக்கிறார். நான் இருபது தடவைக்கு மேல் மெல்லுகிறவரை எதிரில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டோடு தண்ணீர் டம்ளரை வைப்பதில்லை. அரை மணி கழித்துத்தான் தருகிறார்.

மச்சி வாசலில் நின்று காவல் காத்ததை மறக்க முடியாது. நம் ஊரில் ஒருவர் படுத்தால் நாலு தெருவிலிருந்து சட்டி சட்டியாகச் சாப்பாடு வரும். கொண்டுவந்த யாரையும் முகம் வாடவிடாமல், "பிள்ளைகளுக்கு வச்சுக்கறேன், அவளுக்கு ரெண்டு எலுமிச்சம்பழமும் துஆவும் போதும்" என்று சொல்லி அனுப்பினாள். சாச்சி வீட்டுக் கல்யாணத்தில் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டான சகனைச் சுற்றி உட்கார்ந்தபோது, நான் ஒரு ஓரமாக இரண்டு விரல் அளவு எடுத்துக்கொண்டேன். என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர்கூட "சாப்பிடு, சாப்பிடு" என்று தள்ளவில்லை. முன்கூட்டியே சாச்சி சொல்லி வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

என் மாப்பிள்ளை லீவு எடுத்து வந்தார். உறக்கப் பரிசோதனையில் எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறது என்று தெரிந்ததும், காற்று அழுத்தி அனுப்புகிற சிபாப் இயந்திரத்தை ஆபரேஷனுக்குப் பல வாரம் முன்பிருந்தே மாட்டச் சொன்னார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் படுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோ தினமும் காலையில் அந்த முகமூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிள்ளைகளின் யூனிஃபார்முக்குப் பக்கத்தில் கொடியில் காயப் போடுவார். ஒன்றரை வருடம் கர்ப்பம் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கும், "உன் உடம்புதான் முதல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மகள், மூன்று பந்து இருக்கிற மூச்சுப்பயிற்சிக் கருவியை நான் இழுக்கும்போது, மூன்றாவது பந்து மேலே போய் நிற்கிறதா என்று தரையில் குப்புறப் படுத்துப் பார்ப்பாள். நின்றுவிட்டால் தெரு கேட்கக் கத்துவாள்.

இன்சூரன்ஸ் தாளெல்லாம் சேர்த்துத் தந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும் நன்றி. பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை மாதிரி நோய் இருக்க வேண்டும், மற்ற வழிகளைச் செய்து பார்த்ததற்குச் சான்று வேண்டும் என்று விதியைப் படித்துச் சொல்லி, என் பழைய சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கித் தந்தது அவன்தான். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை லீவு தந்ததோடு, நான் திரும்பி வருவதற்குள் அலுவலகத்தில் கைப்பிடி இல்லாத அகல நாற்காலி ஒன்றை என் இடத்தில் போட்டு வைத்திருந்தார். மதுரையில் தையல் பிரிக்கிறவரை தங்க வைத்த மாமி, ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடத்தில் போய்விடலாம் என்ற அந்தத் தைரியத்தில்தான் நான் தூங்கினேன். கீழக்கரையில் இருந்திருந்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம்.

யாருக்காவது இதைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள். அஸருக்குப் பிறகு இருப்பேன். உம்மாவையும் கூட்டி வாருங்கள், என் உம்மா பேசுவார். செய்துகொள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. எனக்கு என்ன ஆனது என்பதை மட்டும் நல்லதும் கெட்டதுமாக முழுதும் சொல்கிறேன். பரமக்குடி அக்காவும் தன் எண்ணைக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிட்டால் நிதானமாகப் பேசுவார்.

அன்போடும் துஆவோடும்,
கீழக்கரையிலிருந்து உங்கள் தங்கை