விவிலியத்தின் பலம் அதன் உரைநடையில்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவிலியத்தின் இலக்கியத் தகுதி பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதை மறுத்து வந்த கடிதங்களையும் படித்தேன். கட்டுரையாளர் 23-ஆம் சங்கீதத்தையும் மலைப்பிரசங்கத்தையும் எடுத்துக்காட்டி, வேறெந்தப் புனித நூலும் இதற்கு ஈடாகாது என்கிறார். மறுத்தவர்கள் லேவியராகமத்தின் பலி விதிகளைக் காட்டி, இதுவா இலக்கியம் என்று கேட்கிறார்கள். ஒருவர் நல்லதைப் பொறுக்கினார், மற்றவர்கள் வறண்டதைப் பொறுக்கினார்கள். இப்படிப் பொறுக்கினால் ரிக் வேதத்தையும் குர்ஆனையும்கூட எப்படி வேண்டுமானாலும் காட்டிவிடலாம்.

புராட்டஸ்டண்ட் பதிப்பில் 66 நூல்கள், கத்தோலிக்கப் பதிப்பில் 73. சட்டம், அரசவை வரலாறு, காதல் பாட்டு, ஒப்பாரி, பழமொழி, கடிதம் என்று எல்லாம் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. ஆகவே முழு விவிலியத்தையும் முழு குர்ஆனோடு நிறுத்துப் பார்ப்பதில் பயனில்லை. கதைக்குக் கதை, துதிக்குத் துதி, புலம்பலுக்குப் புலம்பல் என்று வைத்துப் பார்த்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும். அப்படிப் பார்த்தவரையில் என் முடிவு இது: விவிலியம் மற்றவற்றை விஞ்சுவது, எல்லாரும் மேற்கோள் காட்டும் கவிதையில் அல்ல, யாரும் மேற்கோள் காட்டாத எபிரேய உரைநடைக் கதைகளில்.

சாமுவேல் இரண்டாம் புத்தகத்தின் 11-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 27 வசனங்கள்தான். ராஜாக்கள் போருக்குப் போகும் காலம் என்று தொடங்குகிறது. தாவீது மட்டும் எருசலேமில் தங்கிவிட்டான் என்று முதல் வசனம் முடிகிறது. அதற்கு ஒரு கண்டனமும் கிடையாது. அதன்பின் அதிகாரம் முழுவதும் ஆள் அனுப்புவதாகவே போகிறது. தளபதி யோவாபைப் போருக்கு அனுப்புகிறான், குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டு அவள் யார் என்று விசாரிக்க அனுப்புகிறான், அவளை அழைத்துவர அனுப்புகிறான். அவள் திருப்பி அனுப்பும் செய்தி மூலத்தில் இரண்டே சொல்: தான் கருவுற்றிருக்கிறேன் என்று. கதை முழுக்க பத்சேபாள் பேசுவது அவ்வளவே. அதை மறைப்பதற்காகப் போர்க்களத்திலிருந்து வரவழைக்கப்பட்ட அவள் கணவன் உரியா வீட்டுக்குப் போக மறுக்கிறான். உடன்படிக்கைப் பெட்டியும் படையும் கூடாரத்தில் கிடக்கும்போது நான் மட்டும் வீட்டுக்குப் போய் உண்டு குடித்து மனைவியோடு படுப்பேனா என்கிறான். தாவீது அவனைக் குடிக்க வைத்தும் பார்க்கிறான்; போகவில்லை. மறுநாள் அவன் கையிலேயே, அவனைக் கொல்லச் சொல்லும் கடிதம்.

உரியாவுக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா? அவன் பேசிய பேச்சு வெள்ளந்தியா, குத்தலா? கதைசொல்லி வாய் திறப்பதில்லை. களத்திலிருந்து செய்தி கொண்டுபோகும் ஆளிடம் யோவாப் சொல்லி அனுப்புவதையும் கவனியுங்கள். மதிலை ஏன் அவ்வளவு நெருங்கினீர்கள் என்று ராஜா கோபப்பட்டால், அப்போது உரியாவும் செத்தான் என்று சொல் என்கிறான். ஆனால் அந்த ஆள் ராஜா கோபப்படும்வரை காத்திருக்கவில்லை. ஒரே மூச்சில் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறான். அவனுக்கு எவ்வளவு புரிந்திருந்தது? அதையும் நம்மிடமே விட்டுவிடுகிறது கதை. கடைசி வசனத்தில்தான், தாவீது செய்தது கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது என்று ஒற்றை வரி. அடுத்த அதிகாரத்தின் முதல் வரியில், இதுவரை எல்லாரையும் அனுப்பிக்கொண்டிருந்த தாவீதிடம் கர்த்தர் தீர்க்கதரிசி நாத்தானை அனுப்புகிறார். பத்துக்கும் மேற்பட்ட ‘அனுப்புதல்’களுக்கு அது பதில்.

இப்படிக் காரணத்தைச் சொல்லாமல், மனத்தைத் திறந்து காட்டாமல், செயலையும் பேச்சையும் மட்டும் வைத்துக் கதை நடத்தும் உரைநடையை வேறெந்தப் புனித நூலிலும் இந்த அளவில் நான் கண்டதில்லை. மகாபாரதத்தின் வழி வேறு. திரௌபதிக்கு ஐந்து கணவர் ஏன் என்றால் வியாசர் வந்து முற்பிறப்பு வரத்தையும் ஐந்து இந்திரர்களையும் விளக்குவார். அதன் பெருமை வாதத்தில் இருக்கிறது. தன்னைத் தோற்றவன் என்னைப் பணயம் வைக்கலாமா என்று சபையில் திரௌபதி கேட்டதற்கு இன்றுவரை சரியான விடை இல்லையே. விளக்கம் தருவது குறை என்று நான் சொல்லவில்லை. இரண்டும் இரண்டு கலை.

நேரடி ஒப்பீடு வேண்டுமென்றால் யோசேப்பு கதையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆதியாகமத்தில் 37 முதல் 50 வரை. நடுவே 38-ஆம் அதிகாரம் யூதா தாமார் கதைக்கு ஒதுங்கும். குர்ஆனில் 12-ஆம் அத்தியாயம் யூசுஃப், 111 வசனங்கள். இரண்டிலும் துணிதான் கதையை நகர்த்துகிறது. ஆதியாகமத்தில் ஆட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்த அங்கி, எஜமானின் மனைவி கையில் சிக்கிய வஸ்திரம், பார்வோன் யோசேப்புக்கு உடுத்திய மெல்லிய வஸ்திரம். குர்ஆனில் சட்டை மூன்று முறை வருகிறது: பொய் இரத்தத்தோடு தந்தையிடம் வருகிறது, பின்புறம் கிழிந்திருப்பதால் யூசுஃப் குற்றமற்றவர் என்று சாட்சி சொல்கிறது, கடைசியில் பார்வை போன தந்தையின் முகத்தில் போடப்பட, கண் தெரிகிறது. இந்த வளையம் ஆதியாகமத்தில் இல்லை. யூசுஃபைக் கண்டு மலைத்த பெண்கள் கையில் தரப்பட்ட கத்தியால் தங்கள் கைகளையே வெட்டிக்கொள்ளும் காட்சியும் அங்கே கிடையாது. குர்ஆனின் கதை கனவில் தொடங்கி, அதே கனவு பலித்ததாக யூசுஃப் சொல்லும் இடத்துக்கு வந்து சேர்கிறது. கச்சிதத்தில் அதுதான் மேல்.

ஆனால் ஆதியாகமம் 44-ஐப் பாருங்கள். தம்பியை விற்றுவிடலாம் என்று 37-இல் யோசனை சொன்னவன் யூதா. அதே யூதா இங்கே 17 வசனங்கள் தொடர்ந்து பேசி, இளையவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். எதிரே அதிகாரியாக நிற்பவர் தாங்கள் விற்ற யோசேப்பே என்று அவனுக்குத் தெரியாது; நமக்குத் தெரியும். ஒரு மனிதன் காலப்போக்கில் மாறியதை, மாறினான் என்று சொல்லாமலே காட்டும் இடம் அது. குர்ஆனின் அத்தியாயத்தில் சகோதரர்கள் பெரும்பாலும் கூட்டமாகவே பேசுகிறார்கள். யூதாவுக்கு இந்த வளர்ச்சி அங்கே இல்லை. கச்சிதத்துக்கும் பாத்திர வளர்ச்சிக்கும் இடையே எதைத் தேர்வீர்கள் என்பது அவரவர் ருசி. என் ஓட்டு யூதாவுக்கு.

ஓசைக்கு வந்தால் என் ஓட்டு மாறிவிடும். சங்கீதம் 136-இல் 26 வசனங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’. ஒருவர் பாட மற்றவர்கள் திரும்பச் சொல்லும் பாட்டு. சில இடங்களில் வாக்கியம் முடிவதற்குள்ளேயே பல்லவி குறுக்கிடும். சீகோன் என்ற ராஜாவின் பெயர் மட்டும் ஒரு அடி, உடனே பல்லவி, அடுத்த அடியில் ஓக், மறுபடி பல்லவி. குர்ஆனின் 55-ஆம் அத்தியாயம் ரஹ்மானில் 78 வசனங்கள். ‘உங்கள் இறைவனின் அருட்கொடைகளில் எதைப் பொய்யாக்குவீர்கள்’ என்ற கேள்வி 31 முறை. சங்கீதத்தைப்போல முதல் வசனத்திலேயே தொடங்காது. 13-ஆம் வசனத்தில் முதல்முறை வரும். பிறகு இரண்டு, மூன்று வசன இடைவெளியில் சீரற்று வரும். 45 முதல் 77 வரை ஒன்றுவிட்டு ஒரு வசனமாக இறுகிவிடும். கேள்வி மனிதர், ஜின் என்ற இரு இனத்தாரை நோக்கியது என்பதால் அரபியில் இருவரைக் குறிக்கும் இருமை வடிவத்தில் இருக்கிறது. அந்த இருமையின் ‘ஆன்’ ஒலியே அத்தியாயத்தின் பெரும்பகுதிக்கு இயைபாகிறது. இலக்கணமும் ஓசையும் பொருளும் ஒன்றாகப் பின்னிக்கொண்ட இடம். சங்கீதம் 136 இதன் அருகே எளிய பஜனைப் பாட்டாகத்தான் தெரியும்.

தமிழில் படிப்பவருக்கு இது தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. எபிரேயக் கவிதையின் அடிப்படை, ஒரு கருத்தை இரண்டு பாதியாகச் சொல்லி, இரண்டாவது பாதியில் முதலாவதை அழுத்துவதோ திருப்புவதோ ஆகும். ‘வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது, ஆகாயவிரிவு அவருடைய கரங்களின் கிரியையை அறிவிக்கிறது’ என்ற 19-ஆம் சங்கீத வரி போல. ராபர்ட் லௌத் 1753-இல் வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு உரைகளில் இதை முறையாக விளக்கினார். இந்த அமைப்பு எந்த மொழிக்கும் தாங்கும். குர்ஆனின் இயைபும், ரிக் வேதத்தின் எட்டு, பதினோரு, பன்னிரண்டு அசைக் கணக்கும் தாங்காது. ஆக, தமிழ் விவிலியத்தையும் தமிழ் குர்ஆனையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர், விவிலியக் கவிதையில் பெரும்பகுதியையும் குர்ஆன் கவித்துவத்தில் சிறுபகுதியையும்தான் படிக்கிறார். சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபுக்கும் இது பொருந்தும்: 1430 பக்கங்களும் பெரும்பாலும் 31 ராகங்களின்கீழ் அடுக்கப்பட்டவை, ராகத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாதி.

இலக்கியத் தகுதி எல்லா மரபிலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். இதைப்போல ஓர் அத்தியாயம் கொண்டுவாருங்கள் என்று குர்ஆனே அறைகூவுகிறது. அதை அடியொற்றி 11-ஆம் நூற்றாண்டில் இலக்கண அறிஞர் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி சொற்களின் அமைப்புமுறை பற்றிப் பெரிய கோட்பாடே எழுதினார். அப்போஸ்தலன் பவுலோ, நான் சிறந்த வசனிப்போடு வரவில்லை என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். பின்னாளில் பெரிய கிறிஸ்தவ இறையியலாளரான அகஸ்டின், இளைஞராக லத்தீன் விவிலியத்தை முதலில் எடுத்தபோது, ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கம்பீரத்துக்குமுன் அது தகுதியற்றதாகத் தோன்றியது என்று தாமே எழுதிவைத்திருக்கிறார். விவிலிய நடையை உச்சம் என்று எல்லாரும் எப்போதும் கொண்டாடியதாகச் சொல்வது வரலாறு ஆகாது.

கவிதையிலும் விவிலியம் யாருக்கும் தாழாத ஓர் இடம் யோபு என்ற நூல். முதல் இரண்டு அதிகாரங்கள் உரைநடை. மூன்றில் யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கத் தொடங்கும்போது செய்யுளாகிறது. கீதையின் 11-ஆம் அத்தியாயத்தோடு இதை வைத்துப் பாருங்கள். அங்கேயும் வடிவம் மாறுகிறது: 32 அசைச் சுலோகத்தில் போய்க்கொண்டிருந்தது, விசுவரூபத்தைக் கண்ட அர்ச்சுனன் வாய் திறக்கும் 15-ஆம் சுலோகத்தில் 44 அசைக்கு நீண்டு, 50 வரை அப்படியே போகிறது. கண்ணன் தன்னையே காட்டுகிறான். அர்ச்சுனன் பயந்துபோய்ப் பழைய உருவத்துக்கே திரும்பு என்று கெஞ்சுகிறான். யோபு 38 முதல் 41 வரை கடவுள் சுழல்காற்றிலிருந்து பேசுகிறார், தன்னைக் காட்டுவதில்லை. வரையாடு குட்டி போடும் காலம், காட்டுக்கழுதை, முட்டையை மண்ணில் விட்டுப்போகும் தீக்கோழி, போர்க்குதிரை, மனிதரே இல்லாத நிலத்தில் பெய்யும் மழை என்று அடுக்கிக் கேள்வியாகக் கேட்கிறார். யோபு கேட்டது தன் துன்பத்துக்குக் காரணம். அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கீதையின் காட்சி பிரம்மாண்டம். யோபுவின் காட்சி விசித்திரம். பின்னதுதான் அதிக தைரியம் என்பேன்.

புலம்பல் என்ற நூலில் வடிவமே பொருளாகிறது. எருசலேம் கி.மு. 586 வாக்கில் வீழ்ந்ததற்கான ஒப்பாரி, ஐந்து பாட்டு. 1, 2, 4 மூன்றிலும் எபிரேய 22 எழுத்துக்கு ஒன்றாக 22 வசனம், அகரவரிசையில். மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66. ஐந்தாவதிலும் 22 வசனம் உண்டு, வரிசை மட்டும் இல்லை. துக்கத்துக்குப் போட்ட ஒழுங்கு கடைசியில் குலைந்துவிடுகிறது. நமக்குத் தெரிந்த திருவாய்மொழி இதற்கு நேர் எதிர்: 1102 பாசுரமும் அந்தாதியாகக் கோத்து, ‘உயர்வற’ என்று தொடங்கியது ‘உயர்ந்தே’ என்று முடிந்து வட்டமாகிறது.

படித்துப் பார்க்க நினைக்கும் வாசகர்களுக்கு: முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். விவிலியத்தை அப்படித் தொடங்குபவர்கள் யாத்திராகமம் 25-இல் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகளில் தடுக்கி, அதே கூடாரம் 35-இல் மறுபடி வரும்போது மூடிவைத்துவிடுவார்கள். எண்ணாகமம் 7-இல் பன்னிரண்டு தலைவர்கள் ஒரே காணிக்கையை, 130 சேக்கல் வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம் என்று பன்னிரண்டு முறையும் முழுசாகக் கொடுப்பார்கள். அது கோயில் பதிவேடு. இலக்கியமாக மதிப்பிட வேண்டியதில்லை. குர்ஆன் ஏறக்குறைய நீளமானது முதல் குறுகியது என்று அடுக்கப்பட்டது. 286 வசனம் கொண்ட இரண்டாம் அத்தியாயத்தில் நுழைவதைவிடக் கடைசிப் பகுதியின் குறும் அத்தியாயங்களில், ஓதலைக் கேட்டுக்கொண்டே தொடங்குவது நல்லது. அதிகார எண்களை நம்பி நிறுத்தாதீர்கள். விவிலியத்தில் அவை 13-ஆம் நூற்றாண்டில் போடப்பட்டவை. படைப்பின் ஏழாம் நாள் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் போய் விழுந்திருப்பதும், நாத்தான் வருகை தாவீதின் குற்றத்திலிருந்து பிரிந்து நிற்பதும் அதனால்தான்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரையில் சங்கீதத்தையும் யோபுவையும் பத்தி பத்தியாக, எந்த மொழிபெயர்ப்பு என்று சொல்லாமல் அச்சிட்டிருக்கிறீர்கள். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் உரைநடையும் கவிதையும் ஒரே மாதிரி வசன எண்ணோடுதான் இருக்கும். 1995-இல் வந்த திருவிவிலியம் கவிதையை அடி பிரித்துத் தருகிறது. அடுத்தமுறை மேற்கோள் தரும்போது மொழிபெயர்ப்பின் பெயரையும் ஆண்டையும் போட்டு, அடி பிரித்தும் அச்சிடுங்கள். குர்ஆன், ரிக் வேதப் பகுதிகளுக்கு மூலத்தின் ஓரிரு வரிகளைத் தமிழ் எழுத்தில் கூடவே தந்தால், வாசகர் வாய்விட்டுப் படித்துத் தாமே தீர்ப்பு சொல்லிக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை