ஓகஸ்டில் மலையேறப் போகிறவர்கள் சோழகத்தையும் கொஞ்சம் யோசியுங்கள்

ஆசிரியருக்கு,

ஓகஸ்ட் விடுமுறை கிட்ட வருகிறது என்று அறியக் கலண்டர் தேவையில்லை, மதில்களில் மலையகச் சுற்றுலா நோட்டீஸ் ஒட்டத் தொடங்கினால் போதும். உங்கள் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்திலும் பார்க்கிறேன். மூன்று நாள், பன்னிரண்டு இடம், சாப்பாடு உட்பட. கண்டி, பேராதனைப் பூங்கா, றம்பொடை ஆஞ்சநேயர், நுவரெலியா, சீதையம்மன், ஹோட்டன் சமவெளி, எல்ல ஒன்பது வளைவுப் பாலம், "திரும்பி வரும் வழியில்" கதிர்காமம். எல்லவிலிருந்து யாழ்ப்பாணம் வரக் கதிர்காமம் எந்த வழியில் வருகிறது என்று அந்த நோட்டீஸ்காரரைக் கேட்க வேண்டும் போலிருந்தது, விட்டுவிட்டேன்.

மற்ற இடங்களைப் பற்றி எனக்குக் கதை இல்லை. கோயிலும் பாலமும் எத்தனை மணிக்குப் போனாலும் இருக்கும். நான் எழுத வந்தது மலைக்காட்டில் நடக்கப் போவதைப் பற்றி. எங்கள் பெடியள், பெட்டையள் இப்போது நடக்கவென்றே மலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தங்களும் "எங்கேயாவது ஹைக்கிங் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று கேட்கிறார்கள். நல்ல விசயம். ஆனால் நேரத்தையும் பாதையையும் முடிவு செய்வது இன்னமும் வான்காரர்தான், அங்கேதான் பிழைக்கிறது.

வான் கணக்கைப் பாருங்கள். காலையில் நுவரெலியா விடுதியில் சுடுதண்ணிக்கு வரிசையில் நின்று குளித்து, பாணும் பருப்பும் சாப்பிட்டு, எல்லாரையும் ஏற்றி வெளிக்கிடும்போது ஒன்பது மணி தாண்டிவிடும். ஹோட்டன் சமவெளிக்கு 32 கிலோமீற்றர்தான், ஆனால் மலைப் பாதை. அப்புறம் ரிக்கற் வரிசை. நடக்கத் தொடங்கப் பதினொரு மணி, உலக முடிவு (World's End) என்கிற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போய்ச் சேர மத்தியானம். அங்கே போய் என்னத்தைப் பார்ப்பது? முன்னால் வெள்ளை வேட்டி விரித்துக் கட்டின மாதிரி மூடுபனி. வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு செல்பி எடுத்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். 800 மீற்றருக்கும் கூடிய செங்குத்துப் பள்ளம் காலடியில் இருப்பதே தெரியாமல் வந்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர்.

இதில் அதிர்ஷ்டம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. வெயில் ஏற ஏறக் கீழே பலாங்கொடைப் பக்கத்துச் சூடான ஈரக்காற்று அந்தச் செங்குத்துச் சுவரோடு மேலே வருகிறது, மேலே வரக் குளிர்ந்து பனியாகிறது. அநேகமான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்கே இது நடந்து முடிந்துவிடும். ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்கா திறப்பது காலை ஆறு மணிக்கு. ஆகவே ஆறுக்கு முதலே வாசலில் நிற்க வேண்டும். ஃபார் இன் என்கிற பழைய கட்டடத்தடியில் தொடங்கிச் சுற்றி வருகிற பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர், ஆறுதலாக நடந்தால் மூன்று மணித்தியாலம். முதலில் சின்ன உலக முடிவு, பிறகு பெரியது, வரும்போது பேக்கர் நீர்வீழ்ச்சி என்று போனால் பனிக்கு முன் பள்ளத்தைப் பார்த்துவிடலாம். நீர்வீழ்ச்சி பனியிலும் வடிவுதான். வானம் வெளித்திருந்தால் தெற்கே கடல்கூடத் தெரியும் என்பார்கள், எனக்குக் கீழேயுள்ள தேயிலைத் தோட்டமும் தீப்பெட்டி அளவில் லயங்களும் தெரிந்ததே போதும்.

இப்போது சோழகத்துக்கு, அதாவது தென்மேற்குப் பருவக்காற்றுக்கு, வருகிறேன். எங்களுக்கு ஓகஸ்ட் என்றால் வெயிலும் புழுதியும், கிணற்றில் தண்ணி இறங்கும் காலம். அதே சோழகக் காற்றுத்தான் ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்தில் மலையில் மோதி மழையாகக் கொட்டுகிறது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவு நனைந்துகொண்டே இருக்கும். அந்த மழை இறங்கிப்போன காற்றுத்தான் ஊவாப் பக்கம் போகிறது, அதனால் பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல, பதுளை எல்லாம் அந்த நேரத்தில் ஓரளவு காய்ந்து கிடக்கும். ஹோட்டன் சமவெளி இரண்டுக்கும் நடுவில், முதுகெலும்பில் இருக்கிறது. ஆகவே அங்கே ஓகஸ்டில் தெளிந்த காலையும் கிடைக்கலாம், குடையை முறிக்கிற காற்றும் கிடைக்கலாம். அங்கே நடக்க நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. பள்ளிக்கூட விடுமுறை அதற்கு ஒத்துவராது என்றால் சரி, ஓகஸ்டிலேயே போங்கள், ஆனால் ஒரு காலையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஹப்புத்தளையிலோ ஒஹியவிலோ இரண்டு இரவு தங்கினால் முதல் நாள் பிழைத்தாலும் இரண்டாம் நாள் இருக்கிறது. இடையில் தம்பதென்னைத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து தோட்டத்துக்குள்ளால் லிப்டன் இருக்கை என்கிற மலையுச்சிக் காட்சியிடம் வரை ஏழு கிலோமீற்றர் ஏறலாம், எல்லப் பாறைக்கும் போகலாம். பன்னிரண்டு இடத்தை மூன்றாக்கினால் குடி முழுகிவிடாது.

சிவனொளிபாத மலையைப் பற்றியும் கேட்கிறார்கள். அதன் பருவம் மார்கழிப் பூரணையில் தொடங்கி வெசாக்கோடு முடிகிறது. ஓகஸ்டில் படியில் விளக்கு இல்லை, தேநீர்க் கடை இல்லை, மழை மட்டும் இருக்கும். பிள்ளைகளோடு போகிற இடமல்ல அப்போது. பிதுருதலாகல நாட்டின் ஆக உயர்ந்த மலை, 2,524 மீற்றர், ஆனால் அதில் நடந்து ஏற விடமாட்டார்கள், வாகனத்தில்தான்.

எங்கள் ஆக்கள் கவனிக்காமல் விடுகிற இடம் நக்கிள்ஸ். மத்திய மலைநாட்டின் வடக்கு நுனியில் இருப்பதால் எங்களுக்கு ஆகக் கிட்டிய பெரிய மலைத்தொடர் அதுதான். ஏ9 வீதியில் கண்டிவரை போகத் தேவையில்லை, மாத்தளையில் இறங்கி றத்தோட்டைப் பக்கம் திரும்பினால் றிவஸ்ரன் மலை. அதைத் தாண்டிக் கிழக்கே இறங்க இறங்க மழை குறைகிறது, ஓகஸ்டுக்குத் தோதான பக்கம். பிட்டவலப் பத்தனைப் புல்வெளியில் சின்னப் பிள்ளைகளும் நடக்கலாம். ஆனால் இது தேசியப் பூங்கா அல்ல, வனத் திணைக்களத்தின் பாதுகாப்புக் காடு. உள்ளே நீளமாக நடக்க அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். ஹோட்டன் சமவெளியோ வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ். ஒரு கந்தோரில் கேட்டுவிட்டு மற்றதற்குப் போய் நிற்காதீர்கள்.

இரத்தம் குடிக்கிற அட்டை நக்கிள்ஸில் தாராளம். சவர்க்காரத்தைக் காலுறையில் நன்றாகத் தேய்த்துவிட்டுப் போடுங்கள். கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தால் ஓரமாக வழித்துவிட்டால் விழுந்துவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை.

குளிர் விசயத்தில் எங்களுக்கு அனுபவம் போதாது. 1,000 மீற்றர் ஏற ஆறு பாகைக்கு மேல் குறையும். ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேல், அதாவது இங்கே மத்தியானம் 32 பாகை என்றால் அங்கே 18, விடியற்காலை இன்னும் கீழே, காற்றோடு சேர்ந்தால் பல்லு அடிக்கும். ஒரு தடித்த ஜம்பர் போதும் என்று நினைக்கிறார்கள். நடக்கத் தொடங்கினால் வியர்க்கும், கழற்றினால் குளிரும். மெல்லிசாக இரண்டு மூன்று உடுப்பு, மேலே ஒரு மழைக்கோட்டு, இதுதான் வசதி. பாதை சிவப்புக் களியும் வேரும் கல்லும், மழை பெய்தால் வழுக்கும். பாட்டா செருப்போடு வந்த பெடியளைக் கண்டிருக்கிறேன், வெறுங்காலோடு திரும்பினார்கள். புதுச் சப்பாத்து வாங்கினால் போகிற அன்றைக்குப் போடாமல் இங்கேயே இரண்டு கிழமை பின்னேரத்தில் பண்ணைப் பாலத்தில் போட்டு நடவுங்கள். ஏறிப் பழக எங்களிடம் மேடு இல்லை, மாடிப்படிதான் கதி.

ஹோட்டன் சமவெளி வாசல் சோதனையைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். பொலித்தீன் ஒன்றும் உள்ளே விடமாட்டார்கள். பையைத் திறந்து மிக்சர் பைக்கற், பிஸ்கற் உறை எல்லாம் எடுப்பார்கள், தண்ணிப் போத்தலில் சுற்றியிருக்கிற லேபலைக்கூட உரிப்பார்கள். ஒரு மாமி சொப்பிங் பையோடு வடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "தம்பி, இது வடை மோனை, வேற ஒண்டுமில்லை" என்று கெஞ்ச, அந்தத் தம்பி சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வடையை ஒவ்வொன்றாகக் கடதாசிப் பைக்கு மாற்றிக் கொடுத்தார். பின்னால் வரிசை நீண்டது. அவர்கள் செய்வது சரிதான். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் அங்கேதான். ஃபார் இன் பக்கத்தில் மரைகள் ஆக்களுக்குப் பழகிப்போய் வாகனத்தடியில் வந்து நிற்கும், உறை கிடந்தால் தின்றுவிடும். நீங்களும் பிஸ்கற் நீட்டாதீர்கள், காட்டு மிருகம் அது.

எங்களிடம் இருக்கிற சாமானே அந்தச் சோதனைக்குத் தோது. பனங்கட்டிக் குட்டான், ஓலைப்பெட்டியில் எள்ளுருண்டை, வாழையிலையில் கட்டின புட்டு. ஒன்றையும் எவரும் பறிக்கமாட்டார்கள், ஏற்றத்தில் ஒரு துண்டு பனங்கட்டி கடித்தால் கால் தானாக நடக்கும். கடையில் மினுமினுக்கிற உறைக்குள் விற்கிற எனர்ஜி பாருக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

வயதானவர்களை என்ன செய்வது என்று வான்காரர் யோசிப்பதேயில்லை. உலக முடிவுவரை வாகனம் போகாது, முழங்கால் வருத்தக்காரர் மூன்று மணித்தியாலம் வானுக்குள் குளிரில் குந்தியிருக்க வேண்டிவரும். தங்குவது நுவரெலியாவில் என்றால் அவர்கள் விடிய நித்திரை கொள்ளட்டும், பிறகு ஒரு ஓட்டோ பிடித்துச் சீதையம்மன் கோயிலுக்கும் பக்கத்திலுள்ள ஹக்கல பூங்காவுக்கும் போகட்டும். 1861 இல் தொடங்கிய தோட்டம் அது, இருந்து பார்க்க இடம் தாராளமாக இருக்கிறது. மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்.

கனடா, லண்டன் சொந்தங்களுக்கு ஒரு விசயம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் எங்களுடையதைவிடப் பல மடங்கு. வாசலில் நின்று "நான் கோண்டாவிலில் பிறந்தனான்" என்று சொல்லிப் பயனில்லை, இலங்கை அடையாள அட்டை இருந்தால் கொண்டு வாருங்கள். அப்புறம் படம் எடுப்பது. 2015 இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படம் எடுக்கவென்று பின்பக்கமாக நகர்ந்து உலக முடிவில் விழுந்தார். ஏறக்குறைய 40 மீற்றர் கீழே மரத்தில் தங்கியதால் உயிர் தப்பினார். பிள்ளைகளை வேலிக்கு அங்கால் விடாதீர்கள், பனி மூடினால் விளிம்பு எதுவென்றே தெரியாது.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி, ஆசிரியரே. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தில் எவ்வளவு மண்சரிவைக் கொண்டுவந்தது, வீதியையும் ரயில் பாதையையும் என்ன செய்தது என்று நீங்களே பக்கம் பக்கமாக எழுதினீர்கள். எத்தனையோ தோட்டத்துச் சனம் வீடிழந்தது. ஆனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கை எங்கள் பக்கத்தில் யார் கண்ணிலும் படுவதில்லை, அது மலையகத்துச் செய்தி என்று விட்டுவிடுகிறோம். நல்லூர்த் தேர் முடிந்த கையோடு இங்கிருந்து வான் வானாகச் சனம் அந்தப் பாதைகளால்தான் போகிறது. ஓகஸ்ட் மாதத்தில் மட்டுமாவது வெள்ளிக்கிழமைப் பதிப்பில், எந்தப் பிரதேசத்துக்கு எச்சரிக்கை இருக்கிறது, எந்த வீதி மூடியிருக்கிறது, மலைநாட்டு ரயில் எதுவரை ஓடுகிறது என்ற மூன்றையும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போடுவீர்களா? சுற்றுலா விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.