கேமரா கற்ற பெண்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் நடிகை சுஹாசினி பற்றி எழுதியதில் மகிழ்ச்சி. ஆனால் சாருஹாசன் மகள், கமல் அண்ணன் மகள், மணிரத்னம் மனைவி என்றே பாதிக் கட்டுரை போய்விட்டது. அவர் சென்னையில் ஒளிப்பதிவு படித்தவர். ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தவர். 1980இல் இயக்குநர் மகேந்திரன்தான் அவரைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினார். ‘சிந்து பைரவி’க்குத் தேசிய விருது வாங்கி, அப்புறம் 1995இல்தான் ‘இந்திரா’வை இயக்கினார். பதினைந்து வருடம்!

என் மகளும் இங்கே ஒளிப்பதிவு படிக்கிறாள். “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குக் கேமரா?” என்று கேட்காத உறவினர் இல்லை. சுஹாசினியின் அந்தப் படிப்புக் காலத்தைப் பற்றி விரிவாகப் போடுங்கள். வெட்டி அவள் மேசையில் ஒட்டி வைப்பேன்.

ஒரு வாசகி,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்