வழியில் கைகொடுத்தவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்களின் நன்றி மடல்

குமரி மாவட்டத்துச் சாலையோரத்து அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

விடுமுறை நாளில் ஆரல்வாய்மொழி, முட்டம், பேச்சிப்பாறை என்று சைக்கிளில் கிளம்புகிறவர்கள் நாங்கள். வெறுமனே ‘உதவிக்கு நன்றி’ என்றால் யார் என்ன செய்தார்கள் என்பது மறைந்துபோகும். அதனால் நீங்கள் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். புதிதாகச் சைக்கிள் எடுப்பவர்களுக்கும் அது உதவும்.

முதல் நன்றி பஞ்சர் கடைக்காரர்களுக்கு. டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஐந்து நிமிடமாவது காயவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே ஒட்டு வைக்கிறீர்கள். நாங்கள் அவசரப்படுத்தினாலும் அந்த ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுப்பதில்லை. ஈரத்தோடு வைத்த ஒட்டு, வெயிலில் டயர் சூடேறியதும் நழுவிவிடும். அதைவிடப் பெரிய உதவி, டயரின் உட்புறத்தைத் துணியால் முழுச்சுற்றும் துடைத்துப் பார்ப்பது. நெடுஞ்சாலையில் வெடித்துச் சிதறிய லாரி டயர்த் துண்டுகளில் முடி போன்ற எஃகுக் கம்பி இருக்கும். அது சைக்கிள் டயருக்குள் ஏறி நின்றால் வெளியே தெரியாது. துணியில் மாட்டும்போதுதான் அகப்படும். அதைப் பிடுங்காமல் புது டியூப் போட்டாலும் கொஞ்ச தூரத்தில் மறுபடி காற்று இறங்கும்.

ஓட்டை டியூபின் உள்வட்டத்தில் இருந்தால் ரிம்மின் உட்புறத்தை மூடும் நாடாவான ரிம் டேப் விலகி, போக்ஸ் கம்பித் துளையின் விளிம்பு அறுத்திருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டிக் குழியில் இறக்கியதில் ரிம் கடித்திருக்கிறது. டியூபைக் கையில் எடுத்ததுமே இதைச் சொல்லிவிடுகிறீர்கள். காரணம் தெரிந்தவரிடம் வந்த சைக்கிள் அதே பஞ்சரோடு திரும்பி வராது.

லாரிக்கு வைத்திருக்கும் கம்ப்ரசரைச் சைக்கிளுக்கு விட்டுவிட்டு அடித்து, நடுநடுவே கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதற்கும் நன்றி. 26×1.95 அளவுள்ள அகல டயருக்குக் காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ போதும். 700×32 அளவுள்ள ஒல்லி டயர் என்றால் 60 முதல் 70 வரை. ஒரேயடியாகத் திறந்துவிட்டால் சில நொடியில் டியூப் போய்விடும்.

கடற்கரை ஊர்களுக்குத் தனி நன்றி சொல்ல வேண்டும். முட்டத்திலிருந்து பிள்ளைத்தோப்பு, இராஜாக்கமங்கலம் துறை, பள்ளம் வழியாக மணக்குடி வரை காற்றோடு உப்பும் மணலும் வரும். உப்பு படிந்த செயின் கழுவாமல் கிடந்தால் ஒன்றிரண்டு நாளில் துரு பிடிக்கும். பிரேக் கட்டையில் புதைந்த மணல் ரிம்மை உப்புத்தாள் போலவே தேய்க்கும். குழாய்த் தண்ணீருக்காகக் குடத்தோடு காத்து நிற்கும் அக்காமார், அதிலிருந்து அரை வாளி எடுத்துத் தந்திருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரின் அருமை எங்களுக்குத் தெரியும். செயினையும் பிரேக்கையும் கழுவ அரை வாளி தாராளம். சர்வீஸ் ஸ்டேஷன் பைப்பை வைத்து ஹப்பிலும் பெடல் அச்சிலும் பீய்ச்சினால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறி பால்ரஸ் தேயும். கழுவியபின் துடைத்துக் காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் எடுத்துவிட வேண்டும். வழிய வழிய ஊற்றினால் மணல் ஒட்டும். பழைய இன்ஜின் ஆயில் கட்டாயம் வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேலைக்காற்று எப்படி அடிக்கும் என்று முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போகும். நாகர்கோவிலுக்குத் திரும்பும்போதுதான் கால் ஓயும். கணவாயைத் தாண்டுமுன் ‘தண்ணீர் நிறைத்துக்கொள்’ என்று சொல்லி அனுப்பும் டீக்கடைக்காரர்களுக்கு நன்றி. காற்று பக்கவாட்டில் அடிக்கும் இடத்தில் பெரிய வண்டி உரசினாற்போல் கடந்தால், காற்று ஒரு கணம் மறைந்து மறுகணம் அறையும். சைக்கிள் ஒரு முழம் விலகும். இதை அறிந்து, ஹாரன் அடித்து மிரட்டாமல் இடம்விட்டு முந்தும் பஸ், லாரி ஓட்டுநர்களே, எங்கள் உயிர் உங்கள் கையில் பத்திரமாக இருந்திருக்கிறது.

குலசேகரம், திற்பரப்புப் பக்கம் விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் பால் வெட்டப் போகும் தொழிலாளர்களுக்கும் நன்றி. ரப்பர் தோட்டத்து நிழலில் மழை விட்டு வெகுநேரமானாலும் தார் காயாது, ஓரத்தில் பாசி. எந்த வளைவு வழுக்கும், எங்கே மரம் சாய்ந்து கிடக்கிறது, மேலே யானை நடமாட்டம் உண்டா என்பதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். அந்த வளைவுகளில் திரும்பும் முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். சாய்ந்த பிறகு முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் நழுவும்.

மட்டிப்பழமும், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும், பருவத்தில் அக்கானி என்கிற பதநீரும் தந்த கடைகளுக்கும், திருவிழா முடிந்த மறுநாள் சாலையில் உடைந்த பாட்டில் சில்லுகளைப் பெருக்கி எடுத்த தூய்மைப் பணியாளர்களுக்கும் எங்கள் வணக்கம்.

ஒரு வேண்டுகோள். ‘சைக்கிள்தானே, காசு வேண்டாம்’ என்று பல கடைகளில் எங்களைத் திருப்பி அனுப்புகிறீர்கள். பைக்குக்கு வாங்கும் கூலியைக் கூசாமல் வாங்குங்கள்; வேலை ஒன்றுதான். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு உங்கள் பம்பு பொருந்தாது என்பதால், பித்தளை அடாப்டரும், பழைய சைக்கிள்களின் வால்வில் மாட்டும் சிறு ரப்பர் குழாயான வால் டியூபும் நாங்கள் போகும் வழிக் கடைகளில் கொடுத்து வருகிறோம். அவை எங்களுக்கென்று எடுத்துவைக்க அல்ல. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் காற்றில்லாமல் தள்ளிக்கொண்டு வந்தால் முதலில் அவர்களுக்குப் போட்டுவிடுங்கள். தீர்ந்ததும் சொல்லுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
நாகர்கோவில் சுற்றுவட்டாரச் சைக்கிள்காரர்கள்