வெறுங்கையோடு போன வருஷம்

தூத்துக்குடி
8 செப்டம்பர் 2024

அன்பு மகளுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க. இங்கே எல்லோரும் சுகம். தம்பி மகனுக்குப் பல் முளைத்துவிட்டது, கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறான். இன்று மாதா பிறந்த நாள். விடியற்காலைப் பூசைக்குப் போய் வந்தவள், அடுப்பைப் பற்றவைக்கும் முன்னே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் சொன்னால் டூட்டி முடிந்த அசதியில் 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொள்வாய். எழுதி வைத்தால் உனக்குத் தோதான நேரத்தில் படிப்பாய்.

போன மாதம் நீ ஒன்று கேட்டாய். "வாராவாரம் வீடு சந்திக்கப் போறீங்க, ஒரு கிலோ அரிசிகூடக் கொண்டு போறதில்ல. வெறுங்கையோட போய் என்னம்மா செய்றீங்க?" குத்திக் காட்டக் கேட்டதில்லை என்று தெரியும். நாள் முழுக்க நோயாளிகளைத் தூக்கி, திருப்பி, மருந்து கொடுக்கிறவள் நீ. உனக்கு அப்படித்தான் தோன்றும். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. நேற்று எங்கள் பிரசீடியத்தின், அதாவது பங்கில் உள்ள எங்கள் மரியாயின் சேனைக் குழுவின், ஆண்டறிக்கையை எழுதி முடித்தேன். செயலர் நான்தானே, அதற்காக வருஷத்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். படிக்கப் படிக்க உனக்குச் சொல்ல வேண்டியது கிடைத்தது.

முதலில் அந்த விதி. மரியாயின் சேனையில் இருப்பவர்கள் சந்திக்கப் போகும் வீட்டில் பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது. அதற்குப் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. யாருக்கு என்ன தேவை என்று கண்டால் அவர்களிடம் சொல்லலாம், அவ்வளவுதான். இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும், வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது உழைக்க வேண்டும், அடுத்த கூட்டத்தில் செய்ததை வாயால் அறிக்கை சொல்ல வேண்டும். அங்கே கேட்டதை வெளியே பேசக் கூடாது. ஆகையால் இந்தக் கடிதத்தில் யார் பெயரும் இருக்காது, தெருவும் இருக்காது. உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன்.

சேர்ந்த புதிதில் இந்த விதி எனக்குப் பிடிக்கவே இல்லை. பசியோடு இருக்கிற வீட்டில் போய்ச் செபமாலை சொல்லிவிட்டு எழுந்து வருவதா என்று பங்குச் சாமியிடமே கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது ஒன்றுதான்: "கொடுக்கிறவங்க வந்தா வீட்டுல உள்ளவங்க கையப் பாப்பாங்க. நீங்க போனா முகத்தப் பாக்கட்டும்." அது எனக்கு விளங்க ரொம்ப நாள் பிடித்தது.

இந்தச் சேனை பிறந்தது நீ இருக்கிற ஊரில்தான், தெரியுமா? 1921 செப்டம்பர் 7, மாதா பிறந்த நாளுக்கு முந்தின சாயங்காலம். வேளாங்கண்ணியில் பெரிய தேர் வரும் அதே நாள். டப்ளினில் ஃபிரான்சிஸ் தெரு, மைரா இல்லம் என்ற கட்டடம். ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மாதா சுரூபம் வைத்து, இரண்டு மெழுகுதிரியும் இரண்டு பூச்சாடியும் வைத்திருந்தார்களாம். இன்றைக்கும் நம் பங்கில் கூட்டத்துக்கு அதே மாதிரிதான் வைக்கிறோம். மெழுகுதிரி ஏற்றுகிற வேலை என்னுடையது. வந்திருந்தவர்களில் பெரும்பாலும் இளம்பெண்கள், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களோடு டோஹர் என்ற சாமியும், ஃபிராங்க் டஃப் என்ற அரசு அலுவலரும் இருந்தார்கள். டஃப் அப்போதே வின்சென்ட் தே பவுல் சபைக்காரர், 32 வயது. ஆண்களுக்கென்று முதல் பிரசீடியம் வந்தது 1929-இல்தான். அதுவரை வீதியில் இறங்கி நடந்தது பெண்கள்.

அந்த முதல் வாரம் அவர்கள் போன இடம் தெற்கு டப்ளின் யூனியன் ஆஸ்பத்திரி. போக்கிடம் இல்லாத ஏழைகள் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் அது. அயர்லாந்தின் விடுதலைச் சண்டை நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது, இங்கிலாந்தோடு ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அந்தப் பெண்கள் பெண் நோயாளிகளின் வார்டுக்குள் இரண்டு இரண்டு பேராகப் போய்க் கட்டிலுக்குக் கட்டில் நின்று பேசினார்கள். யூனியன் இருந்த அந்த மனையில்தான் இப்போது செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனை நிற்கிறது. நீ ஒரு நாளும் அதைப் பற்றிச் சொன்னதில்லை. அந்தப் பக்கம் போயிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

இனி எங்கள் வருஷம். டிசம்பர் 17, 18 வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும், இரண்டு நாள் போன் கிடைக்காமல் நீ அழுதாயே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அப்போது விதியைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்காரவில்லை. சாமியிடம் கேட்டோம். "சேனைக் கொடிய உள்ள வச்சிருங்க, பங்கு ஜனங்களா நின்னு ஆக்குங்க" என்றார். அன்பியம் என்கிற தெருக் குழுக்களின் பெண்கள், வின்சென்ட் சபைப் பெண்கள், நாங்கள் 11 பேர், எல்லோரும் கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டினோம். தக்காளிச் சாதம், எலுமிச்சைச் சாதம், உப்புமா. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கி வைத்த வைக்கோல் நனைந்து மிதந்தது. குடில் இல்லாமலே அந்த வருஷத்துப் பாலன் பிறந்தார்.

ஆனால் நோட்டில் நான் நீளமாக எழுதியிருப்பது ஜனவரி மாதத்தை. பொட்டலங்கள் வந்தது பத்துப் பதினைந்து நாள். பொங்கல் தாண்டியதும் லாரி நின்றுவிட்டது, காமிராக்காரர்களும் வரவில்லை. அப்போதுதான் நாங்கள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தோம். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் நடந்தது ஒன்றே: சுவர் ஓரமாகக் கூட்டிப்போய், தண்ணீர் நின்ற கோட்டில் கையை வைத்துக் காட்டுவார்கள். ஒரு வீட்டில் இடுப்பளவு, ஒரு வீட்டில் நெஞ்சளவு. ஒரு ஆச்சி எட்டவில்லை என்று ஸ்டூல் போட்டு ஏறிக் காட்டினாள். காட்டி முடித்த பிறகுதான் பேச்சே வரும். கல்யாண ஆல்பம் ஊறிப் போனது, கோழி செத்தது, பிள்ளையின் பத்தாம் வகுப்பு நோட்டுகள் கூழானது. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு வீட்டில் பாய் இல்லை என்பதை அவர்களாகச் சொல்லவில்லை, நாங்கள் தரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அன்று சாயங்காலமே வின்சென்ட் சபையிடம் சொன்னோம், மறுநாள் பாய் போய்ச் சேர்ந்தது. கொடுத்தது எங்கள் கை இல்லை என்பதால் அடுத்த வாரமும் அந்த வீட்டுக்குக் கூச்சமில்லாமல் போக முடிந்தது.

சேனையில் உள்ளவர்கள் வருஷா வருஷம் மார்ச் 25-ஐ ஒட்டி மாதாவுக்குத் தங்களை ஒப்புக்கொடுப்பது அர்ப்பண விழா. இந்த வருஷம் அந்த நாள் புனித வாரத்துக்குள் வந்துவிட்டதால் அது பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, அப்புறம் நடந்தது. சேனையின் கொடிக்கம்பில் கை வைத்து வாக்குச் சொன்னபோது, என் விரலில் ஏறியிருந்த பினாயில் வாடை போகாமல் இருந்தது. காரணம் ஒரு பெண், அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

உப்பளத்தில் வேலை பார்த்தவர். வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது. பாதம் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கறுப்பேறியிருக்கும். மகன்கள் வெளியூர். அக்டோபரில் நானும் மதினியும் முதல் தடவை போனபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். நாங்கள் பேசப் பேச, திரும்பவே இல்லை. அந்த வாரத்து நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது: "போனோம். படுத்திருந்தார். பேசவில்லை." அடுத்த வாரமும் அதே மூன்று சொற்கள். அதற்கடுத்த வாரமும். கூட்டத்தில் எழுந்து நின்று இதையே அறிக்கையாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும். தலைவி ஒரு நாளும் "ஏன்?" என்று கேட்டதில்லை. "அடுத்த வாரமும் நீங்க ரெண்டு பேருமே போங்க" என்பார்.

தவக்காலத்தில் மதினி தரையைக் கழுவினாள், நான் அவர் நகத்தை வெட்டினேன். காலைத் தொட்டபோது இழுத்துக்கொள்ளவில்லை. பேச்சு மட்டும் வரவில்லை.

இனி நான் சொல்லப் போவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஜூலை 26 பனிமய மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு நான் போகவில்லை. கூட்டம் அதிகம் என்று உன்னிடம் சொன்னது பொய். அதற்கு நான்கு நாள் முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலில் எலும்பு கீறிவிட்டது, மாவுக்கட்டு. டிக்கெட் எடுத்து ஓடி வந்துவிடுவாய் என்று தம்பியையும் சொல்ல விடவில்லை. ஐந்து வாரம் படுத்திருந்தேன். சோற்றுக்குக் குறை இல்லை, மருந்துக்குக் குறை இல்லை, மருமகள் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் மகளே, மத்தியானம் மூன்று மணி என்று ஒன்று இருக்கிறது. எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள், மின்விசிறி சுற்றும், கோயில் மணி அடிக்கும், திருவிழாவுக்குப் போகிற ஜனங்களின் சத்தம் தெருவில் கேட்கும். யாருக்கும் நான் தேவையில்லை என்ற நினைப்பு நெஞ்சில் வந்து உட்காரும். முப்பது வருஷம் ஓடி ஓடி வேலை பார்த்தவளுக்கு அது எப்படி இருந்தது என்று எழுத எனக்குச் சொல் இல்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. எங்கள் பிரசீடியத்து இரண்டு பேர். கையில் ஒன்றும் இல்லை, ஒரு பழம்கூட இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன், அழுகிறது தெரியக் கூடாதென்று. திரும்பிக்கொண்ட பிறகுதான் அந்த உப்பளத்து அம்மா நினைவுக்கு வந்தார்.

மூன்றாவது வாரம் மதினி ஒரு செய்தி கொண்டுவந்தாள். எனக்குப் பதிலாக வேறொருத்தியோடு அவள் போயிருக்கிறாள். அந்த அம்மா திரும்பாமலே கேட்டாராம்: "கண்ணாடி போட்டவ ரெண்டு வாரமா ஏன் வரல?"

ஒன்பது மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. மங்கிய கண்ணோடு சுவரைப் பார்த்துக்கொண்டு, நான் வராத வாரங்களை எண்ணியிருக்கிறார்.

கட்டுப் பிரித்ததும் முதலில் அங்கேதான் போனேன், தம்பி வாங்கித் தந்த கம்பை ஊன்றிக்கொண்டு. கம்புச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தார். என் முழங்காலைத் தடவிப் பார்த்தார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மகள் டப்ளினில் நர்ஸ், ரொம்பத் தூரம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்க கடல் உண்டா?" என்றார். உண்டு என்றேன். "அப்பச் சரி" என்று படுத்துக்கொண்டார்.

உனக்கு அடுத்த லீவு நாள் எப்போது? மழை இல்லாத நேரமாகப் பார்த்து ஃபிரான்சிஸ் தெரு வரைக்கும் ஒரு நடை போய் வா. அந்த வீட்டு வாசலை ஒரு படம் எடுத்து அனுப்பு. அடுத்த கூட்டத்தில் 11 பேருக்கும் காட்ட வேண்டும், அந்த அம்மாவிடமும் சொல்ல வேண்டும். நெத்திலிக் கருவாடு காய வைத்திருக்கிறேன், உன் சிநேகிதி ஊருக்கு வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

முழங்கால் இப்போது பரவாயில்லை. படியேறும்போது மட்டும் வலிக்கிறது. இனி மறைக்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா